தூக்கத்திலும் ஓடிய நாடி

எண்பதுகளின் தொடக்கம். ஒன்பது வயதுத் தங்கை மல்லிகா, தரையிலிருந்து எழ முழங்காலைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பிறகு தலைவாரக் கை உயரவில்லை. கண்ணிமைகளில் கத்திரிப்பூ நிறம். “வெயில்ல ஜாஸ்தி ஆடுறா” என்றார் அம்மா. ஆய்வகப் பயிற்சி முடித்து திருவண்ணாமலையிலேயே வேலைக்குச் சேர்ந்திருந்த எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

சென்னையில் நோயின் பெயர் தெரிந்தது: டெர்மடோமயோசைட்டிஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே தசையையும் தோலையும் நுண்ணிய ரத்தக்குழாய்களையும் தாக்குவது). ஸ்டீராய்டு (அழற்சியைத் தணிக்கும் மருந்து) கொடுத்தார்கள்.

“இதயமும் தசைதாம்மா, கவனமா இருங்க. மாத்திரைய வெறும் வயித்துல குடுக்காதீங்க. நாங்க சொல்லாம நிறுத்தவும் நிறுத்தாதீங்க” என்றார் டாக்டர்.

மல்லிகாவின் முகம் உருண்டது. தேறிவிட்டாள் என்று பக்கத்து வீட்டார் மகிழ்ந்தார்கள். அது மருந்தின் வீக்கம் என்று எனக்குத் தெரியும்.

கார்த்திகை தீபத் திருவிழா தொடங்கிய சில நாட்களில் அவள் மீண்டும் தளர்ந்தாள். ஒரு மதியம், தூங்கும்போதே அவள் நாடி ஓடிவந்தவளுடையதைப் போல அடித்தது, நடுநடுவே தவறியது. மருந்துக்கடை, மாத்திரை, ரத்தப் பரிசோதனை, டாக்டர் என்று வரிசையாகச் சந்தேகப்பட்டேன். அந்த வரிசையில் அம்மா இல்லை. மாத்திரைப் புட்டியைத் திறந்து பார்த்தேன். திருவிழாவுக்கு முன் இருந்ததிலிருந்து குறையவே இல்லை.

“மாத்திரை குடுக்கறியாம்மா?”

“தீபம் பாத்துட்டுக் குடுக்கலாம்னு இருக்கேன்டி. அவளுக்காக வேண்டிக்கிட்டேன், அவ விரதம் இருக்கா.”

“யாரு நிறுத்தச் சொன்னது?”

“உன் டாக்டருதான். வெறும் வயித்துல குடுக்காதீங்கன்னாரா இல்லையா?”

பாயில் விழித்துக்கொண்ட மல்லிகா சொன்னாள்: “எனக்குப் பசிக்குது. அப்புறமா சண்ட போடுங்க.”

அன்றே ஊர் மருத்துவமனையில் சேர்த்தோம். ஈ.சி.ஜி. (இதயத்தின் மின்துடிப்பைப் பதிவுசெய்வது) எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத்தசையில் அழற்சி என்றார். மருந்து திடீரென நின்றதை உடல் தாங்கவில்லை.

“வேண்டிக்கிட்டது தப்பாங்க?” என்று அம்மா அழுதார்.

“வேண்டிக்கோங்கம்மா. விரதத்த நீங்க இருங்க. கொழந்தைக்கு சோறும் மாத்திரையும் குடுங்க.”

இதே நோயுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், விரத நாளில் மருந்தை என்ன செய்வது என்று நீங்களே டாக்டரிடம் கேளுங்கள். மருந்துச் சீட்டில் அது இருக்காது.

கைகளுக்கு முதலில் வலு வந்தது. இதயம் சீராக நெடுங்காலம் ஆனது. பிறகு மல்லிகா சைக்கிளில் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். நல்ல நாள் ஒன்றை அன்றே ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் வரவில்லை. மறுநாள் விடிந்த பிறகே முந்தைய நாளை நம்புகிறேன்.

“வளையல் பாக்கற மாதிரி நாடி பாக்காதக்கா. ஓடிட்டுதான் இருக்குது.”

கையை விட்டேன். விரல்நுனியில் துடிப்பு நிற்கவில்லை. அது அவளுடையதா, என்னுடையதா என்று எனக்குத் தெரியவில்லை.