அயனி நிழலில் ஏழு கன்றுகள்

அடுப்புத் தணலில் புதைத்த அயனிக்கொட்டை தோல் வெடிக்கும்போது, வறுத்த கடலையும் ஈர மண்ணும் கலந்தாற்போல ஒரு வாசனை எழும். சிறுவயதில் வைகாசி மாதம் முழுக்க என் கையிலும் சட்டையிலும் பள்ளிக்கூடப் பையிலும் அந்த வாசனைதான்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்கு மேலே ஒரு மலைத்தோப்பில் அப்பா காவல்காரராக இருந்தார். அவருக்கும் அம்மாவுக்கும் பேச்சு நின்றுபோய், அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்ட பிறகு, இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நானும் அதிகம் பேசாத அப்பாவும் மட்டும் அந்த ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். யானை இறங்கும் பாதை என்பதால் என் வகுப்புப் பிள்ளைகள் யாரும் விளையாட வரமாட்டார்கள்.

வீட்டுக்குப் பின்னால் நான்கு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டிய அளவுக்கு ஓர் அயனி மரம் நின்றது. பலாவுக்குத் தம்பி போல, கைக்குள் அடங்கும் முள்ளுப் பழம் அதற்கு. குரங்குகள் "சொளை"யைத் தின்றுவிட்டுக் கொட்டைகளைத் துப்பிப்போகும். கொட்டை காய்ந்துவிட்டால் செத்துப்போகும். ஆனியில் "சாரல்" நனைத்துவிட்டால் இரண்டு வாரத்தில் முளைத்துவிடும். மரத்தடி முழுக்கப் பச்சைப் பாய் விரித்தாற்போல நாற்றுகள் நிற்கும். எலியும் காட்டுப்பன்றியும் தின்றதுபோக, அடுத்த கோடைக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சும்.

அப்படி மிஞ்சியவை ஏழு. அவற்றுக்கு என் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை வைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முத்துலட்சுமி, செண்பகம், மேரி என்று வரிசையாகப் பெயர் கூப்பிட்டு, "உள்ளேன் டீச்சர்" என்று அவர்களுக்காக நானே பதிலும் சொல்வேன். இரண்டு வருடமாகியும் ஒன்றுகூட என் முழங்காலைத் தாண்டவில்லை. சீக்கு வந்துவிட்டதென்று பயந்து சாணி கரைத்து ஊற்றினேன். அதைப் பார்த்துத்தான் அப்பா வாயைத் திறந்தார்.

"சீக்குல்லாம் இல்ல. மேல வெளிச்சம் இல்லைலா. பெரிய மரம் நிக்குத வரைக்கும் இப்படித்தான் கெடக்கும்."

ஓர் ஆடி மாதம் பகலிலேயே சூறைக்காற்று அடித்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது பெரிய மரம் வேரோடு ஓடைப்பக்கம் சாய்ந்து கிடந்தது. எப்போதும் இருட்டாக இருந்த கொல்லைக்குள் வானம் இறங்கியிருந்தது. மரம் மறுபக்கம் விழுந்ததால் ஏழு கன்றுகளும் தப்பியிருந்தன. புரட்டாசி முடிவதற்குள் அவை இத்தனை நாள் காத்துக் கிடந்ததற்கெல்லாம் சேர்த்து வளர்ந்தன. வெளுத்த பச்சையில் புது இலைகள், ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைவிடப் பெரியவை.

மரத்தை லாரியில் ஏற்றிப்போன முதலாளி, வெறுமையான அந்த இடத்தைச் சுத்தமாக வெட்டிவிட்டுக் கிராம்பு வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை அப்பா அரிவாளோடு கொல்லையில் இறங்கினார். அவர் முதலாளி பேச்சைத் தட்டி நான் பார்த்ததே இல்லை. வீட்டுவாசலில் நின்று அழக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். புதர்களை வெட்டிக்கொண்டே போனவர், கன்றுகளின் பக்கம் வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதுல முத்துலெச்சுமி எது?"

விரலை மட்டும் நீட்டினேன். அவர் அந்தக் கன்றைச் சுற்றியிருந்த கொடியை அறுத்து எறிந்தார். ஏழில் ஒன்றின்மேலும் அரிவாள் படவில்லை. இரண்டு வருடமாக, தினமும், நான் பெயர் கூப்பிடுவதை அவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

அடுத்த வாரம் வந்த முதலாளி அந்த மூலையைக் காட்டி ஏன் விட்டுவைத்தாய் என்று கேட்டார். "அங்கன அடியில பூரா பாறை, மொதலாளி. கிராம்பு வச்சா பிடிக்காது" என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி. அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது. ஏன் சொன்னீர்கள் என்று நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை.

ஆறாம் வகுப்புக்கு அம்மா என்னைத் திருப்பூருக்கு அழைத்துக்கொண்டாள். அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். நான் புறப்பட்ட அன்று கன்றுகள் என் தலைக்கு மேலே இரண்டு முழம் வளர்ந்திருந்தன. அவற்றை நிமிர்ந்து பார்க்கச் சந்தோஷமாகவும், எல்லோரும் என்னை விட்டுவிட்டு மேல்வகுப்புக்குப் போய்விட்டதுபோலவும் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை போவேன். கல்லூரியில் படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். அதன்பிறகு அந்தப் பக்கம் போகக் காரணமில்லை.

போன வைகாசியில் போனேன். தோப்பு இப்போது தங்கும் விடுதி. எங்கள் வீடு இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. ஏழு மரங்களும் இருக்கின்றன, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில், காய்த்துக் குலுங்கிக்கொண்டு. கீழே மண் தெரியாமல் சிமெண்டுக்கல் பதித்திருக்கிறார்கள். ஒரு நாற்றுகூட இல்லை. பழங்களைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாளிடம் கொட்டைகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தினமும் இரண்டு கூடை அள்ளிப்போய்த் தீயில் கொட்டுவதாகவும், வழுக்கி யாராவது விழுந்தால் தனக்குத்தான் ஏச்சு விழும் என்றும் சொன்னார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு என் பின்னால் எட்டிப்பார்த்தார்.

"ஒத்தையிலயா வந்திய?"

ஆமாம் என்றேன்.