பால்ச்சாமி நாட்டுல சேனை கிடையாது

எங்க வீட்டுக்காரரு ஒரு நாடு கட்டிக்கிட்டிருக்காரு. சிமெண்டுல இல்ல, செல்போன்ல. அவரு பேரு பால்ச்சாமி. செட்டியார்பட்டியில பேண்டேஜ் துணி நெய்யுற தறியில வேலை. ஷிப்ட் முடிஞ்சு வந்தா ஒரு இடத்துல உக்காரணுமே, ம்ஹூம். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துக்கிட்டே அந்த நாட்டுக் கதையைப் போனைப் பார்த்துச் சொல்லுவாரு. அது எழுதிக்கிடும். சில நேரம் தப்பா எழுதிக்கிடும், அதையும் வைவாரு.

ராஜபாளையம் லைப்ரரிக்குப் போயி இந்த மாதிரி இல்லாத ஊருக் கதைகளா தேடி எடுத்துட்டு வருவாரு. ஒண்ணுல பிள்ளைங்க தோட்டத்துல பூ மாதிரி பிறக்கும். ஒண்ணுல ராசாவும் இல்ல, போலீசும் இல்ல, சனங்களே கூடிப் பேசி முடிவெடுக்கும். ஒண்ணுல சாவே கிடையாது. கடைசிப் பக்கத்துக்குப் போனா, அம்புட்டும் ஒருத்தன் கண்ட கனவும்பான். "எழுதுனவன் பூராவும் ஆம்பிளையாத்தான் இருப்பான். வலின்னா என்னன்னு தெரிஞ்சவ பூ மாதிரி பிறக்கும்னு எழுதுவாளா?"ன்னு கேட்டேன். "நீ சும்மா இருடி"ன்னாரு.

அவரு நாட்டுல யாருக்கும் காயமே படாதாம். "அப்போ பேண்டேஜ் துணியை எவன் வாங்குவான், நாம என்னத்தைத் திங்கிறது?"ன்னேன். ஒரு வாரம் யோசிச்சாரு மனுசன்.

அந்த நாட்டுல முதல் சட்டமே சேனை கிடையாதுங்கிறதுதான். பிறந்த பிள்ளை நாக்குல சீனித்தண்ணியைத் தொட்டு வைப்போம்ல, அதான் சேனை. வைக்கிற ஆளோட குணமும் ராசியும் பிள்ளைக்கு வரும்னு சொல்லுவாக. அவரு நாட்டுல வச்சா ஊரைவிட்டே தள்ளி வச்சிருவாக. கேக்குறவுக சிரிப்பாக. எனக்குச் சிரிப்பு வராது. எங்க தலைப்பிள்ளைக்கு இவருதான் சேனை வச்சாரு. ஆம்பிளைப்பிள்ளை. பேரு வைக்கிறதுக்கு முந்தியே போயிட்டான். கேதம் கேக்க வந்த ஒரு பாவி, "எந்தக் கை சேனை வச்சுச்சோ"ன்னு இவரு காதுபடச் சொல்லிட்டுப் போனா. அவ நாக்கு அழுக. அன்னையிலிருந்து பச்சைப்பிள்ளைன்னா இவரு பத்தடி தள்ளித்தான் நிப்பாரு. அடுத்துப் பிறந்த மாரிக்கனியையே பல்லு முளைச்ச பொறவுதான் தூக்குனாரு.

அந்த மாரிக்கனிக்குத்தான் இப்போ பிரசவம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசுபத்திரியில. உள்ள கூட்டிட்டுப் போகையில வலியோட வலியா சொல்லிட்டுப் போறா, "எம்பிள்ளைக்கு அப்பாதான் சேனை வைக்கணும்"னு. இவருக்கு முகம் செத்துப்போச்சு. அங்கிட்டு நடக்காரு, இங்கிட்டு நடக்காரு, டீயை வாங்கி வச்சுட்டுக் குடிக்காம வாராரு. "என்னால முடியாதுடி முனீஸ். சம்பந்தி வீட்ல மிலிட்டரிக்காரக இருக்காக, அவிய யாராச்சும் வைக்கட்டும்"ங்காரு. "மக கேட்டது உங்களை. பேசாம உக்காருங்க"ன்னேன். எனக்கே உக்கார முடியல.

பொம்பளைப்பிள்ளை. வார்டுக்குக் கொண்டுவந்ததும் சீனித்தண்ணிக் கிண்ணத்தை எடுத்தேன். நர்ஸ் பிரிஸ்கில்லா அதைப் பிடுங்காத குறைதான். "என்னம்மா இது? தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு வாயில வைக்கக் கூடாது. சேனை கீனையெல்லாம் இங்க நடக்காது."

இவரு முகத்தைப் பார்க்கணுமே! "பாத்தியா, கவர்மெண்டே தடை போட்டிருச்சு. எம் நாட்டுச் சட்டம் இங்கயே வந்திருச்சுடி!"ன்னு வாசலைப் பார்த்துக் கிளம்பிட்டாரு. எனக்கு வந்துச்சே ஆத்திரம். "அதான் உங்க நாடு வந்திருச்சுல்ல, இன்னும் எங்க ஓடுறீக?"ன்னு வார்டுன்னு பாக்காம கத்திட்டேன்.

மாரிக்கனி கத்தல. படுத்த மேனிக்குச் சொன்னா, "சேனை வேண்டாம்ப்பா. என்னைத்தான் பல்லு முளைக்கிற வரைக்கும் தொடல. இவளையும் அப்படியே விட்டுருவீகளா?"

மனுசன் நின்னுட்டாரு. பொறவு மூலையில இருந்த குழாயில போயிக் கையைக் கழுவுனாரு. வந்து பிள்ளையைப் பார்த்தாரு. திரும்பப் போயிக் கழுவுனாரு. மறுபடியும் போகப் பார்த்தாரு, நான் முந்திப் போயிக் குழாயை மறிச்சு நின்னுக்கிட்டேன். "கை சுத்தமாத்தான் இருக்கு. அன்னைக்கும் சுத்தமாத்தான் இருந்துச்சு"ன்னேன்.

கட்டில் ஓரத்துல உக்காந்து ரெண்டு கையையும் நீட்டுனாரு. பிள்ளையை வச்சதும் வீல்னு கத்துச்சு. பதறிப்போயி என்னைப் பார்த்தாரு. "பிடிங்க, கத்தத்தான் செய்யும்"னேன். செத்த நேரத்துல அதுவா ஓஞ்சுச்சு.

குனிஞ்சு அது காதுகிட்டப் பேசுனாரு. "ஏட்டி, உனக்கு ஒரு தாய்மாமன் இருந்தான். மொட்டையடிச்சுக் காது குத்தையில அவன் மடியிலதான் நீ உக்காரணும். அவனுக்கும் நெத்தி இப்படித்தான், நடுவுல லேசா குழி விழுந்திருக்கும்."

இத்தனை வருசத்துல எம்மகனைப் பத்தி அவரு வாய் திறந்தது இப்பத்தான். எனக்கு அழுகை தாங்கல. அவன் முகமே எனக்கு மறந்து போச்சுன்னு யாருகிட்டயும் சொல்லாம இருந்தேன். கண்ணைத் துடைச்சுட்டு, பேத்தி நெத்தியைக் குனிஞ்சு பார்த்தேன்.