நூறு மடங்கு நீர்த்த ஐபிடிஜி

நான் வழிகாட்டிய கலைச்செல்வி என்ற ஆய்வு மாணவியின் முனைவர் பட்டம் என்னால் போயிற்று. பிழை என்னுடையது, தெரிந்த பிறகும் அவர் தலையில் போட்டேன். "ரிட்டயர் ஆன வயசுல இதையெல்லாம் எதுக்கு சார் கெளர்றீங்க?" என்கிறார் இப்போதைய துறைத் தலைவர். கிளறத்தான் போகிறேன்.

மூடியில் ஓர் எழுத்து

சிதம்பரத்தில் இருந்தது என் ஆய்வகம். நாம் ஜீன் செருகிய பாக்டீரியாவைக் குளோன் என்போம்; அந்த ஜீன் தானாக வேலை செய்யாது. ஐபிடிஜி என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால்தான் புரதம் உண்டாகும். அதை ஜெல்லில் ஓட்டிப் பிரித்தால் தடித்த பட்டையாக, அதாவது பேண்டாகத் தெரியும். விலை ஜாஸ்தி என்பதால் பொடியை நான் மட்டுமே கரைப்பேன். சிறு குழாய்களில் பிரித்து, மூடியில் 'ஐ' என்று மட்டும் எழுதி ஃப்ரீசரில் வைப்பேன். 'ஐ' என்றால் ஒரு மோலார் செறிவு. எங்கள் ஆய்வகத்தில் அதை யாரும் கேட்டு உறுதிசெய்வதில்லை.

ஒருமுறை என் சோதனைக்காக அதையே நூறு மடங்கு நீர்க்கச் செய்தேன். மீந்த குழாய்களிலும் கைப்பழக்கத்தில் 'ஐ' என்றே எழுதி, அதே ரேக்கில் வைத்துவிட்டேன். கலைச்செல்வி எடுத்தது அவற்றைத்தான்.

கேட்டவர்

குடிகாடு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து போனவர் அவர். எத்தனை முறை செய்தும் பேண்ட் வரவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"குளோன் சரியா இருக்கு சார், சீக்வென்ஸ் பாத்துட்டேன். ஐபிடிஜிய புதுசா கரைச்சுக் குடுங்க."

"ஏம்மா, எனக்கே கரைக்கக் கத்துக் குடுக்கறியா?"

"கத்துக் குடுக்கல சார். கேக்கறேன்."

மற்ற மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்று மாலை, ரேக்கில் நான் நீர்த்து வைத்த வரிசை குறைந்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. மீந்திருந்த அந்தக் குழாய்களை சிங்க்கில் கொட்டினேன். ஆய்வுக் குழுவின் முன் குளோனே தவறு என்றேன்; ஆய்வுக் கால நீட்டிப்புக்குப் பரிந்துரைக்கவில்லை. அவர் வளர்த்த பாக்டீரியாக்களையும் ஆட்டோகிளேவ் கொதிநீராவியில் போட்டு அழிக்கச் சொன்னேன். அவர் வெளியேறினார்.

மைக் இல்லாமல்

ஓய்வு பெற்ற பின் கடலூரில் அவர் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த சாம்பிளை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"எங்கிட்ட சொல்லி என்னா சார் ஆவப்போவுது? என் குளோன் நல்லாருந்துதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். தெரியாதவங்ககிட்ட போயி சொல்லுங்க."

புதிய ஆய்வாளர்களிடம் பேசத் துறையில் அழைத்திருந்தார்கள். கொடுத்த தலைப்பை விட்டுவிட்டு இதைச் சொன்னேன். மைக்கை அணைத்தார்கள். தொண்டை இருந்தது, முடிக்கும்வரை பேசினேன். நாள் தெரிந்து வந்திருந்த கலைச்செல்வி கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டார். வெளியே வந்ததும், வேறொரு வழிகாட்டியிடம் அவருக்காகப் பேசவா என்றேன்.

"பிஎச்டிக்கு மறுபடி நானே பதியறேன் சார். ஒங்க சிபாரிசு வேணாம்."

புதுச்சேரியில் பதிந்துவிட்டார். என்னைத் துறையில் இப்போது அழைப்பதில்லை, நல்லது. ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: பேண்ட் வராவிட்டால், வழிகாட்டி கரைத்ததையும் சந்தேகப்படுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.