கடைசி இலக்கத்துக்குக் கீழே நட்சத்திரம்

அந்தமானில் எங்கள் புரோத்ராபூரில் சில்லறையை எண்ணாமல் புரட்டிப் பார்த்து வாங்குகிற ஒரே ஆள் பழனிசாமி அண்ணன்தான். மின்சார இலாகாவில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். டீக்கடையில் மீதிக் காசை நீட்டினால் போதும், சட்டைப்பையிலிருந்து லென்ஸ் வந்துவிடும். பின்னால் நிற்கிறவன் பஸ்ஸைத் தவறவிட்டாலும் அவருக்குக் கவலை இல்லை.

நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே பொடியாக ஒரு குறி இருக்கும். வைரம்போல் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா. குறி வழக்கமாக நடுவில் நிற்கும், சில அச்சில் தள்ளி நிற்கும். அவரும் மகன் சிவபிரகாஷும் நட்சத்திரம் தள்ளி நின்ற இரண்டு ரூபாய்களைத் தேடித்தேடி ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்தார்கள். எல்லாமே ஆண்டின் முதல் இலக்கத்துக்குக் கீழே நட்சத்திரம் உள்ளவை. கடைசி இலக்கத்துக்குக் கீழே நட்சத்திரம் உள்ளது ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது.

ஒருநாள் வேலை விஷயத்தில் வாய்த்தகராறு முற்றி அண்ணன் கை நீட்டிவிட்டார். வளர்ந்த பிள்ளை. மறுநாள் சென்னைக் கப்பல் ஏறினவன்தான். போனும் இல்லை, தகவலும் இல்லை. டின்னில் அந்த ஒற்றைக் காசை மட்டும் காணவில்லை.

"அந்தக் காசு என் கைக்கு வந்தா, பையன் உயிரோட ஊருக்கு வந்துட்டான்னு அர்த்தம்" என்று மனைவி விஜயலட்சுமியிடம் சொன்னார். அதன்பிறகு கையிலிருந்து லென்ஸ் இறங்கவேயில்லை. கப்பல் வரும் நாளில் துறைமுகத்தில் போய் நிற்பார். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஆளில்லாத வாசலைப் பார்த்து நிற்பார்.

அடுத்த பங்குனி உத்திரம் முடிந்து முருகன் கோயில் உண்டியலைத் திறந்தோம். சில்லறையைப் பிரிப்பது அவரும் நானும். ஒரு இரண்டு ரூபாயை எடுத்தவர் லென்ஸில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தள்ளி நின்ற நட்சத்திரம்! பதிலுக்குத் தன் காசைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். "விஜயா, வந்திருக்கான்!" என்று அவர் கத்தியது தெருவுக்கே கேட்டது. அன்று அந்த வீட்டில் பாயசம். ஒவ்வொரு பங்குனியும் இப்படியே ஒரு காசு வந்தது; போன இடத்திலும் பையன் தேடிச் சேர்க்கிறான் என்பார் அண்ணன். வருஷா வருஷம் கோயிலுக்கு வருகிறவனுக்குப் பெற்றவர்கள் வீட்டுப் படியேற வலிக்கிறதா என்று எனக்கு எரிச்சல்கூட வரும்.

இந்த வருஷம் தை மாதம் அண்ணி போய்விட்டார். மாரடைப்பு. பங்குனியில் உண்டியல் திறப்பதற்கு முன் அண்ணன் என்னைத் தனியே அழைத்தார்.

"இந்தத் தடவ காசு இருக்காது, நல்லதம்பி."

"ஏண்ணே?"

"போட்டவ போய்ட்டாளே."

கையிலிருந்த உண்டியல் சாவியைக் கீழே வைத்தேன்.

"மொத வருஷமே பாத்ததும் தெரிஞ்சிருச்சுப்பா. நட்சத்திரம் மொத இலக்கத்துக்குக் கீழ. நம்ம டின்னு காசு. பையன் கொண்டுபோனது கடைசி இலக்கம்ல? அவளுக்கு அதெல்லாம் தெரியாது, பாவம். நட்சத்திரம் தள்ளி இருந்தா போதும்னு நெனச்சுட்டா. நான் நாலு வாய் சாப்பிடணும்னு செஞ்சா."

"தெரிஞ்சுமா வருஷா வருஷம் அந்தக் கத்து கத்துனீங்க?"

"நான் நம்புனாத்தானே அவ சிரிப்பா? போதும், விடு."

பிரிக்க உட்கார்ந்தோம். அவர் லென்ஸை எடுக்கவே இல்லை. பழக்கதோஷத்தில் நான்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு இரண்டு ரூபாயில் கை நின்றுவிட்டது. நட்சத்திரம் தள்ளி நின்றது. கடைசி இலக்கத்துக்குக் கீழே.

அதை அவர் உள்ளங்கையில் வைத்தேன். லென்ஸை எடுத்துக் காசின் மேல் பிடித்தார்.

"மெயின்லேண்ட்லேர்ந்து வேற எவனோ கொண்டாந்த காசா இருக்கலாம்ணே" என்றேன். இல்லை என்று அவர் சண்டைக்கு வரமாட்டாரா என்றிருந்தது.

"இருக்கலாம்" என்றார்.

கோயில் வாசலில் போகிற வருகிற முகத்தையெல்லாம் பார்த்தார். பிறகு வீட்டுக்கு நடந்தார். தனியே விட மனமில்லாமல் நானும் கூடப் போனேன். கதவைத் திறந்து, விளக்குப் போடாமல், உள்ளே பார்த்து, "விஜயா, வந்திருக்கான்" என்றார். இந்தத் தடவை கத்தவில்லை.

பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் நான். அன்று அடுப்படியிலிருந்து பதில் வரும் என்று நானும் அவரோடு காத்து நின்றேன்.