கல்லறையிலிருந்து திரும்பும்போது ஊதிய பாட்டு

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்தோம். என் கணவர் எங்கள் கிறிஸ்தவ சபை பேண்டில் கார்னெட் என்ற பித்தளைக் குழல் ஊதுவார். ராஜபாளையம் வரை கல்யாணங்களுக்கு அவரைக் கூப்பிடுவார்கள். கன்னம் புடைக்க அவர் ஊதுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். நான் சிரித்தால் அவருக்குக் கோபம் வரும்.

கடற்படை பேண்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பம்பாய்க்குப் புறப்பட்டுவிட்டார். அழுது பார்த்தேன். "ஊதுறவனை எவன் சுடப் போறான்?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

முதல் லீவில் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அணிவகுப்பில் ஊத வேண்டும், பெரிய அதிகாரிகள் சாப்பிடும்போது ஊத வேண்டும். சண்டை வந்தால் வாத்தியத்தைப் பூட்டி வைத்துவிட்டு, அடிபட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்க வேண்டும். அவர்கள் செத்துப்போனால் அடக்கத்துக்கும் இவர்கள்தான் ஊத வேண்டும். இதையெல்லாம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அடுத்த லீவில் அவர் வந்து இறங்கியபோது எங்கள் ஒரே மகள் காய்ச்சலில் கிடந்தாள். அப்பாவை அடையாளம் கண்டு சிரித்தாள். மறுநாள் போய்விட்டாள்.

அடக்கத்துக்குச் சபை பேண்டு வந்தது. தானே ஊதுவதாகச் சொல்லி அவர் கார்னெட்டை வாங்கிக்கொண்டார். போகும்போது மெதுவான ஞானப்பாட்டு. ஊரே அழுதது. மண் போட்டு முடிந்து கல்லறை வாசலுக்கு வந்தோம். அவர் உதட்டை நனைத்துக்கொண்டு திரும்பவும் ஊத ஆரம்பித்தார். துள்ளலான அணிவகுப்புப் பாட்டு, கல்யாண வீட்டில் கூட அவ்வளவு வேகமாக ஊதமாட்டார்கள்.

மற்ற பேண்டுக்காரர்கள் திகைத்து நின்றுவிட்டார்கள். சபை உபதேசியார் ஓடிவந்து கையைப் பிடித்தார். "ஏலே, பிள்ளையப் பொதைச்ச மண்ணு இன்னும் காயலை. என்ன பாட்டுலே இது?" என் கணவர் அந்தக் கையை உதறிவிட்டு, காலை ஓங்கி ஓங்கி வைத்து, தெரு முழுக்க ஊதிக்கொண்டே நடந்தார். கண்ணீர் கார்னெட்டில் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தது நான் மட்டும்தான் போலிருக்கிறது. குடித்திருக்கிறான் என்றார்கள், புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம் சொன்னார். "அங்க படையில அதுதான் வழக்கம். போகையில மெதுவா, திரும்பி வரையில வேகமா. துக்கத்தோட திரும்புனா எவனும் வேலை பாக்க மாட்டான்ல. எம்புட்டுப் பேரைப் பொதைச்சிட்டு இப்படி ஊதியிருக்கேன். பொறவு போயி எல்லாரோடயும் உக்காந்து சோறு தின்னுருக்கேன். இன்னைக்கும் ஊதுனா வீடு வந்து சேந்துரலாம்னு நெனச்சேன்."

"சேந்துட்டியளா?" என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

போர் முடிந்து வந்தவர் கார்னெட்டைத் தொடவே இல்லை. கல்யாணத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. எங்களுக்கு வேறு பிள்ளையும் பிறக்கவில்லை. அந்தப் பாட்டு, திரும்பிப் போக ஒரு கப்பலும் அதில் செய்ய வேலையும் உள்ளவர்களுக்கானது. எங்களுக்கு இருந்தது மகள் இல்லாத வீடு. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் மட்டும் இன்னும் அந்தக் கல்லறை வாசலிலிருந்து வீடு வந்து சேரவில்லை.