பேரிங் அல்ல, முழங்கால்

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஃபிட்டராக முப்பது வருடம் இருந்தவன் நான். பேரிங் சூடாகிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். தேய்ந்திருந்தால் கழற்றி மாற்றுவேன். மனைவிக்கு முழங்கால் மூட்டு தேய்ந்து, குவார்ட்டர்ஸ் மாடிப்படி ஏற முடியாமல் போனபோதும், "மாத்திட வேண்டியதுதான்" என்றேன். அவளோ ஆபரேஷனுக்குப் பயந்து, பண்ருட்டியில் ஒரு டாக்டரம்மாவிடம் அக்குபஞ்சருக்குத் தனியாகப் பஸ்ஸில் போய்வந்தாள்.

ஒரு நாள் சண்டை போடவே நானும் கூடப் போனேன். "ஊசியில மருந்தே இல்லையாமே! அப்புறம் எப்படிங்க சரியாவும்?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. "தேஞ்சது வளராதுங்க. ஆனா உள்ள வீக்கமும் சூடும் இருக்குது. நம்ம உடம்போட நோய் எதிர்ப்புச் செல்கள்ல சிலது வீக்கத்தைக் கிளப்பும், சிலது தணிக்கும். ஊசி குத்தினா தணிக்கிறதோட கை ஓங்கலாம்னு ஆராய்ச்சி பண்ணிகினு இருக்காங்க. இன்னும் முடிவாவல."

தன் சூட்டைத் தானே தணித்துக்கொண்ட பேரிங்கை நான் பார்த்ததே இல்லை. என் மனைவிக்குள்ளோ, யாரும் அனுப்பாமலே ஒரு மெயின்டனன்ஸ் கூட்டம் ராப்பகலாக ஷிப்ட் பார்க்கிறது! மயிரிழை போன்ற ஊசி அதைத் தட்டி எழுப்புமோ?

சில வாரங்கள் கழித்து, மெல்ல மாடி ஏறிவந்தவள், "முட்டியில சூடு கொறஞ்சிருக்குங்க, தொட்டுப் பாருங்க" என்றாள்.

பழக்கத்தில் புறங்கையை வைத்தேன். குறைந்திருக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முன்பு எவ்வளவு சூடு இருந்ததென்று நான் ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததில்லையே.