பொறுக்கிப் பரப்பிய நெல்

இதை எழுத உட்கார்ந்து எத்தனையோ தடவை எழுந்து போயிருக்கிறேன். பூஜை முடிந்த கையோடு தொடங்கினால் எழுதிவிடலாம் என்று பார்த்தேன், அப்போதும் முடியவில்லை. இப்போது உடம்பு தளர்ந்துவிட்டது. இனியும் தள்ளிப்போட முடியாது.

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு நெல் ஆராய்ச்சிக்கூடத்தில் தினக்கூலியாக இருந்தேன். ஒன்பதாவதோடு நின்ற படிப்பு. ஒவ்வொரு வயலிலிருந்தும் வரும் நெல்லை ஸ்கேனர் கண்ணாடியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புவது என் வேலை. கம்ப்யூட்டர் அந்தப் படத்திலிருந்து ஒவ்வொரு மணியின் நீளம், அகலம், வளைவு எல்லாம் அளந்து, ஆயிரக்கணக்கான மணிகளைச் சேர்த்துப் பார்த்து, எந்த வயலில் பால் பிடித்து முற்றியது, எங்கே தண்ணீரில்லாமல் சுருங்கியது என்று சொல்லும். வாய்க்கால் கடைசியில், கடைமடையில் இருந்தவர்கள் முறை வைத்துத் தண்ணீர் விடக் கேட்டு மனுக் கொடுத்திருந்தார்கள். தலைமடைக்காரர்கள் விடுவதாயில்லை. எங்கள் கூடத்தை நடத்திய விஞ்ஞானி டாக்டரம்மாவின் அறிக்கையை வைத்துத்தான் முடிவு. அவருடைய அப்பாவின் வயலும் கடைமடையில்தான். பண்ணையாளாக இருந்து, கொடி பிடித்து, ஜெயிலுக்குப் போய், நில உச்சவரம்புச் சட்டத்தில் வாங்கிய நிலம்.

கோயில் அட்சதைக்கு முனை முறியாத அரிசியாகப் பொறுக்கிக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். பழகிய விரல், கோணலையும் ஒடிசலையும் பால் பிடிக்காத கருக்காயையும் கண்டால் தானாக ஒதுக்கிவிடும். படம் எடுக்கிற நெல் நல்லதாக இருக்க வேண்டாமா என்று, ஒதுக்கியதையெல்லாம் குப்பையில் போட்டேன். எல்லா வயலின் படமும் ஒன்றுபோலவே வந்தது.

அறிக்கை போவதற்கு முதல் நாள் டாக்டரம்மாவின் அப்பா வந்து, துண்டில் முடிந்திருந்த நெல்லை மேஜையில் கொட்டினார். பாதிக்கு மேல் கருக்காய்.

“கடைமடையில கொறையே இல்லன்னு எழுதப் போறியாமே? இதப் பாத்துட்டு எழுதும்மா.”

“கெட்டதாப் பொறுக்கி எடுத்துட்டு வந்தா எப்படிப்பா? அப்பனுக்காகச் சாஞ்சேன்னு பேரு வரணுமா எனக்கு?”

“பொறுக்க எனக்கு எங்கம்மா நேரம்? களத்துல கைய விட்டு அள்ளுனது.”

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். “அண்ணே, நம்ம நெல்லை வந்தது வந்தபடிதானே பரப்புனீங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்த மாதம் அது.

“அப்படியேதாம்மா.”

பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கொட்டியதை ஒரு மணி விடாமல் கூட்டி அள்ளினார். “அந்தப் படத்தையே உழுது பொழச்சுக்க” என்று மகளிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மனு தள்ளுபடியானது. இரண்டு போகம் கருகி அந்த நிலம் கைமாறியது. பெரியவர் மகளோடு பேசாமலே போய்ச் சேர்ந்தார். எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. திருவிடைமருதூர் சன்னதியில் நின்று எத்தனையோ முறை சொல்லி அழுதிருக்கிறேன். சுவாமிக்கு முன்பே தெரியும். டாக்டரம்மாவுக்குத்தான் தெரியாது.

அம்மா, உங்கள் அப்பா பொறுக்கவில்லை. நான்தான் பொறுக்கினேன்.

இதைப் படிப்பவர்கள் பிறருக்குச் சொல்லும்போது, பாவம், விவரம் தெரியாத ஆள் என்று எனக்காக ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டாம். பொறுக்கியது தெரியாமல். பொய் சொன்னது தெரிந்து.